வேண்டாம் என்கிற பொத்தான்

4 ஜூன் 2025

அன்புச்செல்விக்கு,

அக்கா என்று எழுத மாட்டேன். இடது கை மாவுக்கட்டில் கிடக்கிறது. வலது கை நன்றாக இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

ஆரணியில் என் சிநேகிதி அபிநயாவின் அறையில் நான் இருந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அபிநயா. இன்னொன்று நீ. என் புருஷன் ஆதிமூலம் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கதவைத் தட்டவில்லை. ஒரே உதை. அவன் வேலை பார்க்கிற லாட்ஜில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "இன்னாடி, ஆரணியில இன்னா வேல உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். கேட்டவன் பதில் சொல்ல மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. தலையில் இறங்க வேண்டிய அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குறுக்கே வந்த அபிநயாவின் முகத்தைச் சுவரில் மோதினான். அவளுக்கு முன்பல் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அவனை மடக்கிக் கட்டிப்போட்டார்கள். இல்லையென்றால் நீ இந்நேரம் எனக்குக் காரியம் செய்துகொண்டிருப்பாய்.

தெருவில் ஒருவரைக்கூட அவன் விசாரிக்கவில்லை. நேராக வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முகவரி தெரிந்தவன்தான் அப்படி வருவான்.

நீதான் சொல்லியிருக்கிறாய். ஏற்கெனவே இரண்டு முறை என்னை ஆட்டோவில் ஏற்றி அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவள் நீ. இந்த முறை ஆட்டோ வைக்கவில்லை, அவனையே வரவழைத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் நீ வந்து நின்றபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேனே, அதற்குக் காரணம் இதுதான்.

இப்போது இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் அனுபமாவின் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறேன். எழுதுவதானால் அவளிடம் கொடு. இனி என் கையில் போன் கிடையாது. அறையில் கிடந்த என் போனை நீ எடுத்துப் போனதாகக் கேள்வி. அதை உடைத்துப் போடு.

கீர்த்தனா

*

வேங்கிக்கால்
7 ஜூன் 2025

கீர்த்தி,

நான் சொல்லவில்லை. அம்மா சத்தியமாகச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து வேலை பார்த்தேன். என்னைப் பற்றி உனக்கு இப்படி ஓர் எண்ணம் என்றால், என் வயிற்றில் கத்தியை விட்டுத் திருப்பியிருக்கலாம். அது சீக்கிரம் முடிந்திருக்கும்.

இரண்டு முறை கொண்டுபோய் விட்டது உண்மைதான். அம்மா போன பிறகு உனக்கு நல்லது கெட்டது பார்க்க நான் ஒருத்திதான். முதல் முறை, கோபத்தில் கை நீட்டிவிட்டான், சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அவன் என் எதிரில் அழுதான். ஆண்பிள்ளை அழுதால் நம்பிவிட வேண்டும் என்று யாரோ என் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் முறை நீ வந்தபோது, உன்னை ஆரணிக்கு அனுப்பியதும் நான்தானே? பஸ் ஏற்றிவிட்டவளே முகவரியும் கொடுப்பாளா? கொஞ்சம் யோசித்துப் பார்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. "அவளே போன் பண்ணிக் கூப்ட்டா, போன எடத்துல சண்ட ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். கூப்பிடவில்லை என்றால் ஆரணி வீடு அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவன் வக்கீல் கேட்டாராம். நம் பக்கம் அதற்குப் பதில் இல்லை. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், உன் பக்கம் வரக் கூடாது என்று நிபந்தனை. கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகும். மீதி நாள் முழுக்க உன்னைத் தேட அவனுக்கு இருக்கிறது. அதனால் எந்த ஊரிலிருந்தாலும் வெளியே தலை காட்டாதே.

போனை உடைக்கவில்லை. நீ அவனைக் கூப்பிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அணைத்து அரிசி டப்பாவில் போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. "குடும்பக் கண்" ஆப்பில் அவனைத் துண்டித்தாய் அல்லவா? கல்யாணமான புதிதில், நீ எங்கே இருக்கிறாய் என்று பார்க்க உன் போனில் அவன் போட்டுவிட்டானே, அதைத்தான் கேட்கிறேன்.

அக்கா

*

12 ஜூன் 2025

அன்புச்செல்விக்கு,

துண்டித்தாயா என்று கேட்கிறாயே, உன் எதிரில்தானே செய்தேன்! உன் சமையலறையில் நின்று, நீ சொல்லச் சொல்லச் செய்தேன். "உங்கள் இருப்பிடத்தை ஆதிமூலத்துக்குத் தொடர்ந்து காட்டலாமா?" என்று ஒரு பெட்டி வந்தது. கீழே "ஆம்", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். நான் "வேண்டாம்" அமுக்கினேன். "பகிர்வு நிறுத்தப்பட்டது" என்று வந்தது. நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அவ்ளோதான் கீர்த்தி. இது எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ண ஆப்பு. ஊசி நொழைய சந்து கெடையாது." தோசை வார்த்துக்கொண்டே சொன்னாய்.

எப்போதும் அப்படித்தான் நீ. முதுகில் பெல்ட் வாரடித் தழும்பைக் காட்டினேன். "சரி விடு, இனிமே நடக்காது" என்றாய். தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினான் என்றேன். "குடிச்சிருந்தானா?" என்று கேட்டாய், குடிக்கவில்லை என்றால் ஒரு கணக்கு, குடித்திருந்தால் இன்னொரு கணக்கு என்பது போல. நான் சொல்வது எதையும் நீ முழுதாகக் கேட்டதில்லை. நான் வாயை மூடுவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய்.

இந்த வீட்டைப் பற்றிக் கேட்காதே. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அவ்வளவு சொன்னால் போதும். வீட்டுக்காரி தர்மதேவிக்கு உன் வயதுதான் இருக்கும். மல்லாட்டை உடைக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். நான் ஒரு கையால் சொத்தைக் கடலை பொறுக்குகிறேன். மெஷினில் தோல் நொறுங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் மண்டை நொறுங்குகிற மாதிரி நினைத்துக்கொள்கிறேன். மனசுக்கு இதமாக இருக்கிறது. இப்படி ஒருத்தியாக ஆகிவிட்டேன் என்று எனக்கு வெட்கமும் இல்லை.

கொல்லையிலிருந்து ஓர் அரிவாளை எடுத்து என் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். பெருக்கும்போது தர்மதேவி பார்த்துவிட்டாள். "இந்த வூட்ல எறும்பு மருந்து கூட வாங்க மாட்டோம். இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றாள்.

"வந்தா வெட்டுவேன்."

"வெட்டிட்டு?"

"தெரியல."

"எனக்குப் புடிக்கல. ஆனா எடுத்துடுன்னு சொல்ல மாட்டேன். அடி வாங்கனவ நீ" என்று சொல்லிவிட்டு மிச்ச இடத்தைப் பெருக்கப் போய்விட்டாள். என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

கீர்த்தனா

*

வேங்கிக்கால்
19 ஜூன் 2025

கீர்த்தி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் போனை எடுத்து ஆன் செய்தேன். நீ யார் யாரைக் கூப்பிட்டாய் என்ற பட்டியலை நம் வக்கீலுக்குப் படமெடுத்து அனுப்ப. வேலையோடு வேலையாக இடுப்பில் செருகிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. கேட்டை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "எங்கடி அவ? உள்ளதான் இருக்கா, எனக்குத் தெரியும்!" இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் துணி வாளியில் சொட்டியது. முடியைப் பிடித்து அறை அறையாக இழுத்துக்கொண்டு போனான். பீரோவை உதைத்துத் திறந்தான். கட்டிலுக்கு அடியில் நீ ஒளிந்திருக்கிறாயோ என்று கத்தியால் மெத்தையைக் குத்திக் குத்திப் பார்த்தான்.

நடுவில் நின்று தன் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். அக்கம்பக்கத்தார் கூடியதும் திட்டிக்கொண்டே போய்விட்டான். புகார் கொடுத்தேன். ஸ்டேஷனில், சமாதானம் பேசப் போனேன் என்று சொன்னானாம். கண்டித்து அனுப்பிவிட்டார்கள்.

அவன் போனைப் பார்த்த பார்வைதான் எனக்குள் இடித்தது. மறுநாள் ஆபீசில் இரண்டு போன் எடுத்து "குடும்பக் கண்" போட்டு இணைத்தேன். ஒன்றில் "வேண்டாம்" அமுக்கினேன். "பகிர்வு நிறுத்தப்பட்டது" என்று அழகாக வந்தது. அந்தப் போனை என்னோடு வேலை பார்க்கும் வளவனிடம் கொடுத்து, "டீ வாங்கிக்கினு வா" என்று அனுப்பினேன். இன்னொரு போனில் நீலப் புள்ளி படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, டீக்கடையில் போய் நின்றது. வளவன் வடை சாப்பிட்ட நேரம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

என் வேலை என்னவென்று உனக்கு இதுவரை சரியாகச் சொன்னதில்லை. மேசை நிறைய போன்களை அடுக்கி வைத்திருப்போம். நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற கட்டளைப் பட்டியல் ஆள் தொடாமலே அவற்றில் ஆப்பைத் திறக்கும், பெயர் எழுதும், பொத்தான் அமுக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பச்சை காட்டும். இதற்கு எமன் பாப்-அப்தான். "அறிவிப்பு அனுப்பலாமா?", "எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று நடுவில் ஒரு பெட்டி குதிக்கும். பதில் சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், காலையில் வந்து பார்த்தால் எல்லாம் சிவப்பாக இருக்கும். அதனால் ஒரு வழி செய்தேன். எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காதே, "ஆம்" அமுக்கு, மூடிவிட்டு மேலே போ. அதன் பிறகு ஒரு சோதனையும் நிற்கவில்லை. மேனேஜர் கேக் வாங்கி வெட்டினார். எல்லா ஆப்புக்கும் அதையே போட்டோம்.

உன்னிடம் கேட்டதும் அப்படி ஒரு பெட்டிதான். எங்கள் மேசையில் அது குதித்தபோதெல்லாம் என் ஸ்கிரிப்ட் "ஆம்" என்றது. எங்களிடம் எந்தப் போனும் ஒரு முறைகூட "வேண்டாம்" என்று சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தவரும் இல்லை. பெட்டி மூடியது, பச்சை எரிந்தது, நான் உன்னிடம் ஊசி நுழையச் சந்து இல்லை என்றேன்.

அவனிடம் உன் முகவரியை நான் வாயால் சொல்லவில்லை. இதை எப்படி எழுதி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

23 ஜூன் 2025

அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன். நீ சொல்லவில்லை என்று தெரிந்ததும் அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது வேறு.

அதே நாள் சாயங்காலமே எனக்குக் கோபம் திரும்பி வந்தது. இயந்திரம் படிக்கக் கூடாது என்று நீ எழுதி வைத்தாயா? இரண்டு பொத்தான் இருக்கும்போது ஒன்றை மட்டும் அமுக்கிப் பார்ப்பதற்குப் பெயர் சோதனையா? காய்கறிக்காரனிடம் கத்திரிக்காய் வாங்கினால்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாயே. என் கை முறிந்தது, அபிநயாவின் பல் போனது, எல்லாம் உன் மேசையில் சிவப்பு எரியக் கூடாது என்பதற்காகவா?

சுவரில் முட்டிக்கொண்டேன். நிஜமாகவே. தர்மதேவி வந்து என் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவள் கையில் இரண்டு முட்டு விழுந்த பிறகுதான் நிறுத்தினேன்.

இந்த ஆப்பை இன்னும் எத்தனை பெண்கள் போனில் வைத்திருக்கிறார்கள்? அதில் எத்தனை பேர் "வேண்டாம்" அமுக்கிவிட்டு, தப்பித்தோம் என்று தூங்குகிறார்கள்? அதை நிறுத்து. வேலை போனால் போகட்டும்.

கீர்த்தி

*

வேங்கிக்கால்
27 ஜூன் 2025

கீர்த்தி,

நீ சொன்ன அன்றே மேனேஜரிடம் போனேன். "அந்தப் பொத்தான டெஸ்ட் பண்ணச் சொல்லி நம்ம ஒப்பந்தத்துலயே இல்லம்மா. வாய மூடிக்கினு இருங்க" என்றார். ஆப் செய்த சென்னை கம்பெனிக்கு நானே நேராக எழுதினேன். அடுத்த மாத நடுவில் வரும் அப்டேட்டில் சரிசெய்துவிடுவோம், வெளியில் பேச வேண்டாம் என்று பதில் வந்தது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆரணிக்கு அவன் எப்படி வந்தான் என்பதற்கு ஓர் ஆதாரமும் மிஞ்சாது. நீயே கூப்பிட்டதாக அவன் சொன்ன பொய் கோர்ட்டில் நிற்கும். விடுதலையாகி வந்து உன்னைத் தேடுவான்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வந்து தலையில் ஊற்றிக்கொள்வார்கள் என்று கேட்டிலேயே போலீஸ் நின்று ஒவ்வொரு பையாகச் சோதிக்கிறது, நீ பார்த்திருப்பாய். காலையில் உன் போனை ஆன் செய்து எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்காருவேன். நீ மனு கொடுக்க வந்துவிட்டாய் என்று நினைத்து அவன் பறந்து வருவான். அவனிடம் கத்தி இருக்கும், கையில் அந்த ஆப் திறந்திருக்கும், எதிரில் போலீஸ் இருக்கும். ஜாமீன் போய்விடும், ஆப்பின் வண்டவாளமும் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். நீ பயப்படாதே.

அக்கா

*

29 ஜூன் 2025

அக்கா,

வேண்டாம்.

அனுபமா இன்று மதிய ஷிப்டுக்குப் போகிறாள், அவள் கிளம்புவதற்குள் எழுதுகிறேன். போகாதே. அவன் கை வரும் வேகம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போலீஸ் ரோட்டைத் தாண்டுவதற்குள் அவன் முடித்துவிடுவான். நான் இல்லை என்று பார்த்தால் திரும்பிப் போகிறவன் இல்லை அவன். கை ஓங்கிவிட்டால் யார் மேலாவது இறக்கித்தான் தீருவான்.

கோர்ட்டில் பொய் ஜெயித்தால் ஜெயிக்கட்டும். எனக்கு நீ உயிரோடு வேண்டும். போனை ஸ்டேஷன் போலீசிடம் கொடுத்து, நீயும் வளவனும் செய்த டீக்கடைச் சோதனையை அவர்கள் கண்ணெதிரில் செய்து காட்டு. நேரமானாலும் அதுவே போதும்.

என் விஷயம் இது. நான் வேண்டாம் என்கிறேன்.

கீர்த்தி

*

9 ஜூலை 2025

கீர்த்தி,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. படித்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

டீக்கடையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவன் ரோடு வழியாக வரவில்லை, பின்னால் இருக்கும் சந்து வழியாக வந்தான். உனக்கும் எனக்கும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே சாயல், அதை நான் யோசிக்கவில்லை. "கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறியாடி?" என்ற குரல் கேட்டுத் தலையைத் திருப்பினேன். அதனால்தான் கழுத்தில் இறங்க வேண்டியது காதிலிருந்து தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. முதலில் வலிக்கவில்லை. சூடாக இருந்தது. டீ கொட்டிவிட்டது என்று நினைத்தேன்.

என் முகத்தைப் பார்த்தான். நீ இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் "அவ இல்லன்னா நீ" என்று சொல்லி மறுபடி ஓங்கினான். வலது கையைத் தூக்கினேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் பெஞ்சுக்குக் கீழே விழுந்தன. டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை அவன் மேல் ஊற்றினார். கேட்டில் நின்ற இரண்டு பெண் போலீஸ் ஓடிவந்து அவன் முட்டியில் லத்தியால் அடித்துத் தரையில் போட்டார்கள். அடித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று சொல்லத் தோன்றவில்லை. அதில் ஒருத்திக்கு என் ரத்தத்தில் கால் வழுக்கியது.

அவன் போனில் "குடும்பக் கண்" திறந்தபடி இருந்தது, நீலப் புள்ளி டீக்கடையில். போலீஸ் அதை எடுத்து வைத்திருக்கிறது. கொலை முயற்சி என்று கேஸ் போட்டு, ஜாமீனை ரத்து செய்து, வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்தியில் வந்த பிறகு அந்த ஆப்பையும் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. இந்த விரல்களோடு அந்த வேலையை எப்படியும் செய்திருக்க முடியாது.

நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது, கீர்த்தி. இனி நீ தைரியமாக வெளியே நடக்கலாம்.

அக்கா

*

கீழ்பென்னாத்தூர்
12 ஜூலை 2025

அக்கா,

நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நான் நினைத்தது நடக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த அரிவாளோடு கொல்லைக்குப் போனேன். வாழை மரத்தை வெட்டினேன். ஒரு கையால் வெட்டினேன். அது சாய்ந்த பிறகும் வெட்டினேன். தர்மதேவி தடுக்கவில்லை. குலை தள்ளிய மரம், பாவம், அதற்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை.

நான் தெளிவாக எழுதினேன். உனக்குக் கிடைத்தது. நீ படித்தாய். படித்துவிட்டுத்தான் போனாய். உன் ஸ்கிரிப்டாவது படிக்காமல் அமுக்கியது. அவனிடம் எத்தனையோ முறை வேண்டாம் என்றேன், அவன் கேட்கவில்லை. அந்த ஆப்பிடம் சொன்னேன், கேட்ட மாதிரி நடித்தது. உன்னிடம் சொன்னேன். நீ என் மேல் வைத்த பாசத்தால் கேட்கவில்லை என்று தெரியும். அடி என் மேல் விழவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அக்கா, நான் ஒன்றைச் சொன்னால் அது யாருக்கும் ஒரு பொருட்டில்லை என்று இந்த முறைதான் மிச்சமில்லாமல் புரிந்துகொண்டேன். அவன் அடித்ததைவிட இது எனக்கு வலிக்கிறது.

உன் விரல்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் எனக்குப் பின்னல் போட்டுவிட்ட கை அது. உன் மேல் எரிச்சலாக இருக்கிறது, உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டில் எது முதலில் வரும் என்று வந்து பார்த்தால்தான் தெரியும்.

கேஸில் சாட்சி சொல்வேன். ஆரணியில் நடந்ததையும் சொல்வேன், உனக்கு நடந்ததையும் சொல்வேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா? உன்னோடு இருந்து பார்த்துக்கொள்கிறேன். கேட்டுத்தான் வருவேன். உன் பதிலை அனுபமாவிடம் கொடுத்து அனுப்பு.

கீர்த்தி

*

15 ஜூலை 2025

கீர்த்தி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நீ சொன்னது எல்லாம் சரி.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தையல் பிரிக்கவில்லை, முகம் ஒரு பக்கம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருக்கிறது. நீ பார்த்தால் நான் உனக்குத் தைரியம் சொல்லத் தொடங்கிவிடுவேன். சரி விடு, ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எனக்கு அது வேண்டாம். வளவனின் அம்மா கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்.

வேண்டாம், கீர்த்தி. இப்போது வராதே.

அக்கா

*

கீழ்பென்னாத்தூர்
16 ஜூலை 2025

அக்கா,

அனுபமா உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது புடவை கட்டி, பையில் துணி எடுத்து வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். பஸ் வரும் நேரம். தர்மதேவி புளிச்சோறு கட்டிக் கையில் கொடுத்திருந்தாள்.

நின்ற இடத்திலேயே படித்தேன். எனக்கு அழுகை வந்தது. எப்படியாவது ஏறி வந்துவிட வேண்டும், வந்து நின்றால் நீ துரத்தவா போகிறாய் என்று தோன்றியது. நான் வந்தால் உனக்கு நல்லதுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பஸ் வந்து நின்று போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கீர்த்தி